சாவு வீட்டுக்காரி ஓட்டி வைத்த தறி

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளட்டும். பன்னிரண்டு வருடம் ஒரே வேலையைச் செய்தேன். அந்த வேலையே இப்போது இல்லை. இல்லாமல் போன வேலையைச் செய்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வெளிநாட்டுத் தறிகளை வரவழைத்து நம் பக்கத்து மில்களுக்கு விற்கும் ஏஜென்சி அது. அவினாசி ரோட்டில் இரண்டாவது மாடியில் இருந்தது. தறி பெட்டிபெட்டியாக வரும். பின்னாலேயே பாகங்களைப் பூட்டி, ஓட்டி, ஒப்படைக்க ஒரு பொறியாளர் வருவார். அவர் பீளமேடு விமான நிலையத்தில் இறங்குவதிலிருந்து திரும்ப விமானம் ஏறும்வரை கூடவே இருப்பது என் வேலை. மொழிபெயர்ப்பு, மட்டம் பார்க்கும்போது கை உதவி, தினசரி அறிக்கை, வயிற்றுப்போக்கு மாத்திரை எல்லாம் அதில் அடக்கம். இனி யாரும் வரமாட்டார்கள். மில் ஃபிட்டர் கேமரா பொருத்திய கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். பொறியாளர் தன் ஊரில் உட்கார்ந்து பார்த்தபடி, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் என்பார். என்னை ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடுவில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆபீஸ் பிள்ளைகள்தான் கேட்டார்கள். "அக்கா, அந்த செக் நாட்டம்மா கதைய ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. நீங்களே எழுதிக் குடுங்க." எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. சூலூருக்குத் தெற்கே எங்கள் ஊர். அம்மா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றினார். அப்பா அதே கூடத்தில் மூட்டை தூக்கினார். ஊரின் பெரிய வீடுகளில் யாராவது இறந்தால் சுற்றுப்பட்டு ஊர்களுக்குச் சைக்கிளில் போய் எழவுச் சேதி சொல்வதும் அவர்தான். அது எங்கள் தெருவின் வேலை என்று யாரோ எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். சேதி வாங்கும் வீட்டில் அவர் வாசலுக்கு வெளியே நிற்பார். இறந்தவர் பெயரையும் பிணம் எடுக்கிற நேரத்தையும் சொல்வார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் சொம்பை உயரத் தூக்கி, குவித்த கையில் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜவுளிப் பொறியியல் படித்தேன். நான்கு வருடமும் விடுதிச் சாப்பாடு, கடன் வாங்கிய புத்தகம், வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்த ஆங்கிலம். அவ்வளவுதான், அதை நீட்ட ஒன்றுமில்லை.

வேலையில் சேர்ந்தபோது மேலதிகாரி சுந்தரராஜன் சார். குரலை உயர்த்தியே பேசமாட்டார். கடுமையாக ஏதாவது சொல்லப்போகிறார் என்றால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அது மேசையைத் தொடும் சத்தம் கேட்டாலே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். தினசரி அறிக்கை அவருக்கு உயிர். மூன்று படி எடுக்க வேண்டும். மில்லுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு ஒன்று. மாலை ஐந்து மணிக்கு மில் முதலாளியோ மேலாளரோ மூன்றிலும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாள் முடிந்ததாகக் கணக்கு. "பார்த்தத எழுது, காதால கேட்டத எழுது. நெனச்சத எழுதாதம்மா," என்பார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். பின்னால் அவருக்கே அது தொல்லையாகிவிட்டது.

வருகிறவர்களுக்கு முதல் நாள் காரிலேயே பாடம் எடுத்துவிடுவேன். கல்யாணம் ஆயிற்றா, எத்தனை பிள்ளை, ஏன் இல்லை என்று கேட்பார்கள், கோபப்படாதீர்கள். முதல் டம்ளர் காபியை மறுக்காதீர்கள், இரண்டாவதை மறுக்கலாம், மூன்றாவது எப்படியும் வரும். பின்னால் அடிக்கும் ஹாரன் உங்களைத் திட்டுவதில்லை. எவ்வளவு சொன்னாலும் ஒன்று விட்டுப்போகும். ஆயுத பூஜைக்கு மறுநாள் பல்லடம் ரோட்டில் துருக்கிப் பொறியாளர் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். இறங்கி ஓடினார். தார் ரோட்டில் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததன் பக்கத்தில் மண்டியிட்டு, "ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!" என்றார். குங்குமம் கொட்டி உடைத்த திருஷ்டிப் பூசணி அது. டிரைவர் கீழே இறங்காமலே சொன்னார்: "ஏனுங்க அம்மணி, பூசணிக்காய்க்கு வண்டி அனுப்ப மாட்டாங்கன்னு சொல்லுங்க." அந்த மனிதர் அழுகிற நிலையில் இருந்தார். அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு நாட்டுக்குள் புதிதாக வருகிறவனுக்குச் சாவும் திருஷ்டியும் ஒரே நிறத்தில் தெரியும் என்பது ஹனா வந்தபோதுதான் உறைத்தது.

ஹனாவுக்கு ஐம்பத்தேழு வயது. செக் நாட்டுத் தறித் தொழிற்சாலையில் முப்பது வருடமாகத் தறி பூட்டியவர். பூட்டுவது அவர் என்றாலும், வெளிநாடு போய் ஓட்டி வைத்து ஒப்படைப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது எப்போதும் ஆண்கள்தான். கேட்டுக்கேட்டு, ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது முதல்முறையாக அனுப்பினார்கள். சூலூர்ப் பக்கம் ஒரு நெசவு மில். காற்றை ஊதி நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிகள், இருபத்து நான்கு. "இருபத்து நான்கிலும் என் கையெழுத்து இருக்கும், தேன்," என்றார். தேன்மொழி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்.

அந்த மில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். முதலாளி நாச்சிமுத்துவின் தகப்பனார் இறந்தபோது பதினோரு ஊருக்குச் சேதி கொண்டுபோனது என் அப்பா. வேலை அங்கே என்று வீட்டில் சொன்னதும் அப்பா, "அந்த ஊட்டுல நீ யாருன்னு சொல்லிக்காத கண்ணு. வேல முடியட்டும்," என்றார். நான் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களும் கேட்கவில்லை. என் சுடிதாரும் அடையாள அட்டையும் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தன.

மில்லின் கெஸ்ட் ஹவுஸ் முதலாளி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஹனாவுக்கு வெயில் பிரச்சினையில்லை, காரம் பிரச்சினையில்லை. தனியாக விடமாட்டேன் என்கிறார்களே, அதுதான் பிரச்சினை. முதலாளியின் மனைவி ருக்குமணியம்மா காலையிலேயே வந்து எதிரில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் இல்லை என்று ஹனா சொன்ன அன்று வந்திருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு 'ச்சு' கொட்டினார்கள். மறுநாள் வேறு பெண்கள் வந்து கேட்டதும் ஹனா நான்கு பிள்ளைகள் என்று சொல்லிவிட்டார். பெயர் கேட்டார்கள். தன் பூனைகளின் பெயர்களைச் சொன்னார். ஃபோட்டோ கேட்டார்கள். "இப்போது என்ன செய்ய?" என்று என்னைப் பார்த்தார். "இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது," என்றேன்.

ஆனால் தறிக்கூடத்துக்குள் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். ஒவ்வொரு தறிக்கும் ஒரே வரிசை. மட்டக்கோலை நீளவாக்கில் வைப்பார், குறுக்குவாக்கில் வைப்பார், திருப்பி வைத்து மறுபடி பார்ப்பார். காற்றுக் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். பிறகு மின்சாரம் கொடுக்காமல் கையாலேயே ஒரு முழுச் சுற்று. அந்தச் சுற்றின்போது பேரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக்கொள்வார். கண் மூடியிருக்கும். அந்த நேரத்தில் யாராவது பேசினால் முதலிலிருந்து சுற்றுவார். தறி ஓட்ட வேலைக்கு எடுத்திருந்த மயிலாள் என்ற பெண், "வயித்துப்புள்ள சத்தம் கேக்கறாங்க போல," என்று கிசுகிசுத்தாள். நான் மொழிபெயர்த்தேன். ஹனா முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து முதல் தறியை ஓட்டுவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை ஹனா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புதன்கிழமை விமானத்துக்குச் சீட்டு மாற்ற வேண்டும். என் அம்மா நேற்று இறந்துவிட்டார். அடக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. திங்களும் செவ்வாயும் போதும், எல்லாத் தறிகளையும் ஓட்டி ஒப்படைத்துவிட்டுப் போவேன். சீட்டு நீ எடுப்பதால் உனக்குச் சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்."

சரி என்றேன். சீட்டை மாற்றினேன். அரை மணி நேரம்கூடச் சொல் காக்கவில்லை.

தறி ஓட்டப்போகும் சந்தோஷத்தில் ருக்குமணியம்மா கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்தார். அரிசியும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட இனிப்பு, மேலே எண்ணெய் இன்னும் பளபளத்தது. ஹனா இரண்டு கையாலும் தன் தட்டை மூடிக்கொண்டார். "ஒன்னே ஒன்னு சாமி, வாயத் தொறங்க. நல்ல காரியத்துக்குச் சுட்டதுங்க," என்று ருக்குமணியம்மா ஊட்டிவிடவே கையைக் கொண்டுபோனார். தாய் செத்த வீட்டுக்காரிக்கு இனிப்பு ஊட்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "வேண்டாமுங்க, அவங்கம்மா தவறிட்டாங்க," என்று என் வாய் சொல்லிவிட்டது. வேறு ஊர்க்காரி என்றால் வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. சாவை மறைப்பது பாவம் என்கிற ஊரில் சேதி சொல்கிறவர் மகளாகப் பிறந்தவள் நான்.

அன்று மாலை நான்கு மணிக்கு கெஸ்ட் ஹவுசுக்குப் பதினான்கு பெண்கள் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஹனாவின் தோளைக் கட்டிக்கொண்டு, "பெத்தவளப் பாக்காமப் போயிட்டியே கண்ணு," என்று அழுதார்கள். பொய்யழுகை இல்லை. மயிலாளின் கண்ணீர் ஹனாவின் சட்டையை நனைத்திருந்தது. ஹனா நட்ட கல்லாக நின்றார். கடைசிப் பெண் விலகியதும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

"நான்தான்."

மறுநாள் தறிக்கூடத்தில் எண்களைத் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் முதலாளி நாச்சிமுத்து கூடத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை. அவ்வளவு மரியாதையாகப் பேசும் மனிதரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அவிங்க நம்மூட்டு விருந்தாளிங்க. ஆனா புது மெசினுங்க. சாவூட்டுக்காரங்க கை வெக்கறது ஆகாதுங்க. தீட்டு கழியோணும். அவிங்க நல்லபடியா ஊருக்குப் போயி காரியத்தப் பாக்கட்டும். வேற ஆள அனுப்பச் சொல்லுங்க, வந்து ஓட்டி வெச்சுக்கலாம்."

"என்ன சொல்கிறார்?" என்றார் ஹனா.

என் வேலையில் நான் மெழுகிப் பேசியது ஏராளம். அன்று ஒரு சொல்லையும் மெழுகவில்லை. "உங்கள் அம்மா இறந்ததால் உங்கள் கை அசுத்தம், தறியைத் தொடக் கூடாது என்கிறார். வேறு ஆள் வந்து ஓட்டுவாராம்."

ஹனா தன் கைகளை விரித்துப் பார்த்தார். முழங்கைவரை எண்ணெய். "அசுத்தம்தான். முப்பது வருடமாக அசுத்தம்தான். சோப்பு இருக்கிறது என்று சொல்." சொல்லிவிட்டுத் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பேரிங்கின் மேல் அதை ஊன்றி, பிடியில் காதை வைத்துக்கொண்டார். வேறு ஆள் வந்தால் முதல் தறியிலிருந்து சான்றிதழ் முழுக்க அந்த ஆள் பெயரில்தான் போகும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் என்ற பெயரோடு ஹனா ஓய்வு பெற வேண்டியதுதான். அதற்குக் காரணம் நான் திறந்த வாய்.

சுந்தரராஜன் சாரை ஃபோனில் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"அறிக்கையில உடல்நலக் குறைவுன்னு போட்டுடும்மா. ரெண்டு பக்கமும் மரியாதை கெடாது."

"அவங்களுக்கு ஒடம்பு நல்லாத்தானுங்க சார் இருக்கு."

"அது எனக்கும் தெரியும்."

"பார்த்தத எழுதச் சொன்னதே நீங்கதானுங்க."

ஃபோனுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கடிகாரம் மேசைக்குப் போய்விட்டது. "தேன்மொழி, அந்த மில்லு நமக்கு இன்னும் நாப்பது தறி எடுக்கப் போகுது. நான் சொல்றத எழுது," என்றார்.

நான் எழுதினேன். அவர் சொன்னதை அல்ல. 'பொறியாளரின் தாய் காலமானார். அதனால் ஏற்பட்ட தீட்டைக் காரணம் காட்டி, பொறியாளர் தறிகளைத் தொடக் கூடாது என்று மில் முதலாளி கூறினார். பொறியாளர் வேலை செய்யத் தயாராக இருக்கிறார். உடல்நலத்துடன் இருக்கிறார்.' தமிழில் ஒன்று, கீழே ஆங்கிலத்தில் ஒன்று. மூன்று படி. ஐந்து மணிக்கு முதலாளி அறையில் அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். மறுபடி படித்தார்.

"இது அந்த வெளிநாட்டுக் கம்பெனி வரைக்கும் போகுமுங்களா?"

"இன்னைக்கே போகுமுங்க. நீங்க சொல்லாத எதையாச்சும் எழுதியிருந்தா காட்டுங்க, திருத்தறேன்."

"சொன்னதுதானுங்க. ஆனா எழுத்துல பாத்தா வேற மாதிரி இருக்குதுங்களே."

"அதே மாதிரிதானுங்க இருக்கு."

பேனாவைத் திறந்தார், மூடினார். "கிழிச்சுப் போடுங்க அம்மணி. நாம பேசிக்கலாம்."

"கிழிக்க மாட்டேனுங்க. கையெழுத்துப் போடுங்க. இல்லீன்னா திங்கக்கிழம அவங்களே ஓட்டட்டும். ஓட்டினா அதையும் எழுதறேன்."

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை நாளில் முதல்முறை. குரலில் மரியாதை ஒரு இழைகூடக் குறையவில்லை. "நீங்க யாரூட்டுப் புள்ளைங்க அம்மணி?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வேலை முடியட்டும். வேலை இதுதானே அப்பா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உங்கப்பா தவறினப்ப பதினோரு ஊருக்குச் சைக்கிள்ல சேதி கொண்டுபோனவர் மகளுங்க. அன்னைக்கு எங்கப்பா கையில தண்ணி ஊத்தின மாதிரி இவங்களுக்கும் தூரத்துல நின்னு ஊத்தப் பாக்கறீங்க. நான் இருக்கறப்ப நடக்காதுங்க."

அவர் மூன்று படிகளையும் என் பக்கம் மெதுவாக நகர்த்தினார். கையெழுத்துப் போடவில்லை. "ஓட்டச் சொல்லுங்க," என்றார். எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. ருக்குமணியம்மா தேங்காய், எலுமிச்சை, குங்குமத்தோடு தட்டைக் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை. கூடத்து வாசலில் தரையில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடந்தார். நான் யார் வீட்டுப் பிள்ளை என்ற விஷயம் அவர் வீட்டுக்குப் போயிருந்தது. தட்டை நான் எடுத்தேன். இந்த மில் கட்டிய நாளிலிருந்து எங்கள் தெருக்காரர் யாரும் அங்கே ஒரு தறிக்குப் பொட்டு வைத்ததில்லை. முதல் தறிக்கு மூன்று பொட்டு, அழுத்தமாக வைத்தேன். மயிலாள் தேங்காயை வாங்கி உடைத்தாள். ஹனா கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினார், கண் மூடிக் கேட்டார், பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"மெசினுக்கு ஒரு சாவுந் தெரியலீங்க. பாருங்க, என்னமா ஓடுது!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினாள் மயிலாள்.

செவ்வாய் மாலைக்குள் இருபத்து நான்கும் ஓடின. சான்றிதழில் மில் மேலாளர் கையெழுத்துப் போட்டார், ஹனா போட்டார். புதன்கிழமை நாங்கள் கிளம்பிய பிறகு கூடம் முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள் என்று மயிலாள் ஃபோனில் சொன்னாள். ஹனாவுக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வாளிதான் போலிருக்கிறது. தெளித்துவிட்டு அதே தறிகளைத்தான் ஓட்டினார்கள். இன்றும் ஓட்டுகிறார்கள்.

விமான நிலையம் போகும் வழியில் முதலாளியிடம் என்ன சொன்னாய் என்று ஹனா கேட்டார். அப்பாவின் வேலையைச் சொன்னேன்.

"உன் அப்பா சேதி கொண்டுபோகும்போது என்னென்ன சொல்வார்?"

"பெயர், நேரம். அவ்வளவுதான்."

"யாரிடம்?"

"சொல்லச் சொல்லி அனுப்பிய வீடுகளில் மட்டும்."

"அப்படியானால் உன்னைவிட அவர் நல்ல வேலைக்காரர்," என்றார். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கும்போது என் தோளைக் கட்டிக்கொண்டார், அந்தப் பதினான்கு பேரும் கட்டிக்கொண்ட அதே மாதிரி. அவர் அழுதது அப்போதுதான்.

கையெழுத்தாகாத மூன்று படிகளையும் எங்கும் அனுப்பாமல் நானே வைத்துக்கொண்டேன், அந்தச் சனிக்கிழமைக்கு வேறு அறிக்கை எழுதவில்லை. கோப்பில் வெள்ளி இருக்கும், திங்கள் இருக்கும், சனி இருக்காது. மில் நாற்பது தறி எடுக்கவும் இல்லை. சுந்தரராஜன் சார் பல வருடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இனிக் கேமராக் கண்ணாடி வழியாகப் பேசுகிறவருக்கு யாரும் கச்சாயம் ஊட்ட வேண்டாம், தீட்டும் பார்க்க வேண்டாம். எல்லாருக்கும் வசதிதான்.

போன மாதம் என் கடைசி நாளில் அடையாள அட்டையை ஒப்படைக்க சார் அறைக்குப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

"அந்தச் சனிக்கிழமைப் பேப்பர் மூணும் உங்கிட்டதானம்மா இருக்கு?"

"இருக்குங்க சார்."

"ஆபீஸ் பேப்பர். குடுத்துட்டுப் போயிடு."

"தர மாட்டேனுங்க."

கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் நகரவில்லை. பிறகு அவரே அதை எடுத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார்.